பெயர் சொல்லாமல் கடலுக்குப் போனவள்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறை ஜன்னலுக்குக் கொசுவலை மாற்றியது. ஜூன் மாதம், வெயில் இன்னும் உறைக்கத் தொடங்காத நேரம். பழைய வலையைக் குளிர்காலத்தில் ஏதோ ஒரு பூனை கிழித்திருந்தது. அலுமினியச் சட்டத்தைக் கழற்றித் தோட்டத்து மேசைமேல் போட்டோம். அவள் வலையை இழுத்துப் பிடிக்க வேண்டும். நான் சட்டத்தின் காடிப் பள்ளத்துக்குள் ரப்பர் கயிற்றை அழுத்திக்கொண்டே போக வேண்டும். இழுவை ஒரே சீராக இல்லாவிட்டால் வலை ஒரு மூலையில் தொய்யும். வேறு சூட்சுமம் ஒன்றும் இல்லை.

"இழுத்துப் பிடிம்மா."

"பிடிச்சிட்டுத்தானே இருக்கேன். உன் கைதான் கோணலா போகுது."

"என் கை நேராத்தான் போகுது. நீ பேசுறப்பெல்லாம் பிடியை விட்டுடுறே."

"அப்போ நீ பேச்சுக் குடுக்காதே."

வலை ஒரு மூலையில் தொய்ந்துதான் போனது. பிரித்து மறுபடி போடலாம் என்றேன். "விடு, கொசு உள்ளே வரலேல்ல, போதும்" என்றாள். எனக்கு அப்படி விட்டுப் பழக்கமில்லை. ஆனால் மாலைக்குள் நான் வேலை பார்க்கும் இஸ்மீருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சட்டத்தை மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஜூலையில், காலை வெயிலில், பெட்ரோல் பங்குக்கு எதிரே தார்ச்சாலையின் ஓரத்தில் அவள் விழுந்து கிடந்தாள். நீச்சல் உடைக்கு மேல் பருத்தி அங்கி, தலையில் வைக்கோல் தொப்பி, தோளில் மடக்கு நாற்காலி. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியும். அலைச் சத்தம் படுக்கையறையில் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் இருந்தவள் கடலுக்குப் போகும் வழியில் தார்ச்சாலையில் செத்தாள்.

வேளை வந்துவிட்டது என்றார்கள். இதயம் ஏற்கெனவே பலவீனம், வீட்டில் இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்றார் மருத்துவர். நான் குடிநீர்த் திட்டங்களில் பம்புகளுக்குக் கணக்குப் போடுகிறவள். ஒரு பம்பு நின்றுபோனால் வேளை வந்துவிட்டது என்று அறிக்கை எழுத முடியாது. எந்தச் சுமையில் ஓடியது, அந்தச் சுமையை யார் ஏற்றினார்கள் என்று எழுத வேண்டும். அதைத்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் பெயர் நெஸிஹே. எஸ்கிஷெஹிர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அப்பா அதே ரயில்வேயின் பட்டறையில் இருந்தார். ரயில்வேக்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, எத்ரெமித் வளைகுடாவில், ஒலிவ் தோப்புகளுக்குக் கீழே, கோடைக்காலக் குடியிருப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல் வெள்ளை வீடுகள். எங்களுடையது மூன்றாம் வரிசை. முன் வரிசைக்கும் கடலுக்கும் நடுவே பைன் மரங்கள் நிற்கும் ஒரு துண்டு நிலம், அதுவும் சங்கத்துடையது. வீடு முடிந்த மறு வருடமே அப்பா போய்விட்டார். ஒரே ஒரு கோடைதான் அதில் இருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் அம்மா எஸ்கிஷெஹிர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பேருந்தேறி வருவாள். செப்டம்பர் முடிய இங்கேதான்.

குடியிருப்பிலேயே பெரிய கோபக்காரி அவள்தான். டிக்கெட் ஜன்னலின் கண்ணாடியைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். பகல் தூக்க நேரத்தில் யார் வீட்டிலாவது வானொலி கேட்டால் சண்டைக்குப் போய்விடுவாள். குழாயைத் திறந்து முற்றத்தைக் கழுவுகிறவர்களிடம் போய்விடுவாள். தர்பூசணி வண்டிக்காரன் அந்த நேரத்தில் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு வந்தால், படுக்கையிலிருந்து எழுந்த கோலத்தில் தெருவுக்கு ஓடுவாள்.

"பைத்தியமா உனக்கு? ஊரே தூங்குது."

"தூங்குறவங்கதான் அக்கா எழுந்து வந்து வாங்குவாங்க."

"வாயைப் பாரு. எங்கேருந்து வர்றே?"

"மலைக்கு அந்தப் பக்கத்திலேருந்து."

"இவ்வளவு தூரமா? அப்போ ரெண்டு குடு. பெருசா பார்த்துக் குடு. அந்தக் கத்துற பெட்டியை நிறுத்திட்டுப் போ."

இதுதான் அவள். திட்டுவாள், பிறகு திட்டு வாங்கியவன் வெறும் வயிற்றோடு போகிறானா என்று பார்ப்பாள். இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

கடலில் நீந்துவது எங்கள் குடியிருப்பில் ஆண்களும் பிள்ளைகளும் செய்கிற காரியம். பெண்கள் கடலில் நிற்பார்கள். காஸ் மலையிலிருந்து ஊற்றுகள் இறங்குவதால் எங்கள் தண்ணீர் ஆளை உறைய வைக்கும். முதல் சில நிமிடங்களைப் பல்லைக் கடித்துக் கடந்துவிட்டால் உடம்பு பழகிவிடும். அதன் பிறகு கழுத்தளவு நீரில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வட்டமாக நின்றுகொண்டு மணிக்கணக்காகப் பேசுவார்கள். யார் வீட்டில் என்ன சமையல், யார் மருமகள் எதற்குக் கோபித்துக்கொண்டாள், எந்த மருத்துவர் காசு பிடுங்குகிறார், கத்தரிக்காயின் கசப்பு போக என்ன செய்வது, எல்லாம் தண்ணீரில்தான். கரையிலிருந்து பார்த்தால் தொப்பிகள் மட்டும் மிதப்பதுபோல் இருக்கும். தொப்பிகளின் நடுவே அம்மாவின் குரல் தனியாகக் கேட்கும்.

அவளுக்குப் பக்கத்துத் தொப்பி எப்போதும் ஷுகூஃபே சித்தியுடையது. சொந்தச் சித்தி இல்லை. பக்கத்து வீடு. ரயில்வே தொலைபேசி இணைப்பகத்தில் அம்மாவின் காலத்திலேயே வேலை பார்த்தவள். குடியிருப்புக்குச் செங்கல் இறங்கிய நாளிலிருந்து இருவரும் சிநேகிதம். நான் முதன்முதலாகக் கடலில் கால் வைத்தபோது ஒரு கையை அம்மாவும் மறு கையை இவளும் பிடித்திருக்கிறார்கள். புகைப்படம் இருக்கிறது.

பிறகு நிலம் அளக்கிறவர்கள் வந்தார்கள். அவள் சாவதற்கு இரண்டு கோடைகளுக்கு முன்னால். நானும் விடுமுறையில் இருந்தேன். உச்சி வெயிலில் இரண்டு ஆட்கள் பைன் மரத்துண்டில் அளவு நாடாவும் முளைக்குச்சிகளுமாக நின்றார்கள். அம்மா வாசலிலிருந்தே ஆரம்பித்தாள்.

"என்னப்பா அளக்கிறீங்க?"

"சும்மா ஒரு அளவுதான் பெரியம்மா."

"சும்மா யாரும் வெயில்ல நிக்க மாட்டாங்க. யார் சொல்லி வந்தீங்க?"

"ஆபீஸ்ல அனுப்பினாங்க. எங்களுக்கு என்ன தெரியும்."

"எந்த ஆபீஸ்?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் போனாள். அவர்களில் பெரியவரின் சட்டை வியர்வையில் உப்புப் பூத்திருந்தது. அவ்வளவுதான். கேள்வி அங்கேயே நின்றுபோனது.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

உள்ளே வந்து குளிர்ந்த மோரை ஜாடியில் ஊற்றினாள். தர்பூசணியை வெட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டியோடு தட்டில் அடுக்கிக் கொண்டுபோனாள். நிழலில் உட்கார வைத்தாள். அவர்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தாள். வீட்டு வாசலில் வெயிலில் நிற்கிறவன் எங்கள் ஊரில் விருந்தாளி. எதற்காக நிற்கிறான் என்பது அப்புறம். சாப்பிட்டு எழுந்ததும் பெரியவர் கேட்டார்: "பெரியம்மா, இந்த நாடா முனையைக் கொஞ்சம் மிதிச்சுக்கிறீங்களா? காத்துல பறக்குது."

மிதித்துக்கொண்டாள். மறுமுனையை அவர் தண்ணீர் விளிம்புவரை இழுத்துப் போனார். அவள் செருப்புக் காலால் மிதித்து நின்ற இடத்தில்தான் பிறகு வேலியின் முதல் கம்பம் நின்றது. அந்தக் கம்பத்தைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். "மோர் குடுத்தேன், ஃபெராய். புதினா வேற கிள்ளிப் போட்டேன்" என்பாள் என்னிடம்.

கடற்கரையில் மெத்தை நாற்காலி வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்துக்கு அந்தத் துண்டு நிலம் தேவைப்பட்டது. வளைகுடா முழுக்க அவர்கள்தான். எங்கள் கரையில் நிற்க எர்தின்ச் என்ற இளைஞனை அனுப்பினார்கள். நல்ல உயரம், நல்ல பற்கள். வந்த வாரத்திலேயே எல்லோருக்கும் பிள்ளையாகிவிட்டான். அக்கா, பெரியம்மா, மாமா என்று ஒரு உறவும் விடவில்லை. காலையில் வயதானவர்களின் வீடுகளுக்குச் சூடான ரொட்டி கொண்டுவந்து கொடுத்தான். எரிவாயு உருளையைத் தூக்கி வைத்தான். தேநீர்த் தட்டோடு வரிசை வரிசையாகப் போனான். எங்கள் வாசலில் மட்டும் தட்டு திரும்பிப் போகும். "ஒருத்தன்கிட்ட டீ குடிச்சிட்டா அவன்கிட்ட சண்டை போட முடியாது" என்பாள் அம்மா. "நான் போட வேண்டியிருக்கு."

நிலத்தை வாடகைக்கு விட வேண்டுமானால் சங்கக் கூட்டம் ஒப்ப வேண்டும். கூட்டம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைன் மரத்தடியில் நடக்கும். செயலாளர் முஅம்மர் சார், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். இன்றைக்கும் விசில் ஊதித்தான் கூட்டத்தைத் தொடங்குவார். விசில் ஊதுகிற நேரத்தில் ஊரே கடலில் இருக்கும். அதனால் எங்களிடம் ஒரு பழக்கம். எனக்குப் பதிலாக இன்னார் கை தூக்குவார் என்று ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு எல்லோரும் குளிக்கப் போய்விடுவார்கள். வெயிலில் உட்கார்ந்து கத்துவதற்கு ஓர் ஆள் இருக்கும்போது மற்றவர்கள் எதற்கு? அந்த ஆள் எப்போதும் அம்மாதான். கூட்டத்துக்கு முந்தைய நாள் தண்ணீரில் நின்றபடி எல்லோரிடமும் கேட்டுவிடுவாள். அந்த வருடமும் கேட்டாள். வேலி வரப்போகிறது, நம் கடலுக்கு நாம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்று விளக்கமாகவே சொன்னாள். எல்லாத் தொப்பிகளும் தலையாட்டின.

மாலையில் முஅம்மர் சாரும் எர்தின்ச்சும் வீடு வீடாகப் போனார்கள். நிலத்தை விட்டால் இந்த வருடப் பராமரிப்புச் சந்தா கிடையாது, வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துத் தருவார்கள், குடியிருப்புக்காரர்களுக்கு நாற்காலி இலவசம் என்றார்கள். தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்கள். மறுநாள் கூட்டத்தில் அம்மாவின் கையில் இருந்த சீட்டுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். முஅம்மர் சாரின் கையில் ஒரு கட்டு இருந்தது.

ஷுகூஃபே சித்தி நிழலில், எர்தின்ச் கொண்டுவந்து போட்ட மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இடுப்பு எலும்பில் தேய்மானம். மணலில் உட்கார்ந்தால் எழ முடியாது.

"ஷுகூஃபே, உன் சீட்டு எங்கே?"

"முஅம்மர் சார் கேட்டார். குடுத்துட்டேன்."

"நேத்து தண்ணியில என்கிட்ட என்ன சொன்னே?"

"தண்ணியில ஆயிரம் பேசுவோம், நெஸிஹே."

அம்மா பதில் சொல்லாமல் போனதை நான் முதல் தடவை பார்த்தேன். நாற்காலியை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னால் முஅம்மர் சார் விசில் ஊதித் தீர்மானத்தைப் படித்தது கேட்டது.

வேலி வந்தது. நாணல் தட்டி, கம்பங்கள், ஒரு வாசல், வாசலில் மேசை. அடுத்த ஜூனில் அம்மா வழக்கம்போல நாற்காலியோடு கிளம்பினாள். நானும் கூட இருந்தேன். எர்தின்ச் மேசையிலிருந்து எழுந்து ஓடிவந்தான்.

"வாங்க பெரியம்மா, வாங்க. உங்களுக்கு முன் வரிசையிலேயே இடம் வெச்சிருக்கேன். பேரு மட்டும் சொல்லுங்க, கையில பட்டை கட்டி விடுறேன்."

"என் பேரு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன, நெஸிஹே பெரியம்மா. ஆனா நீங்க சொல்லணும். கம்ப்யூட்டர்ல ஏத்தணும். மேலே கேக்கிறாங்க."

"கடலுக்குப் போக நான் பேரு சொல்லணுமா?"

"எல்லாரும் சொல்றாங்களே."

"தம்பி, நான் காலமெல்லாம் ஜன்னலுக்குப் பின்னாடி உட்கார்ந்து டிக்கெட் குடுத்தவ. ஒருத்தர்கிட்டயும் பேரு கேட்டதில்லை. எங்கே போறீங்கன்னுதான் கேப்பேன். நீயும் கேளு."

அவன் சிரித்தான். "சரி, எங்கே போறீங்க பெரியம்மா?"

"கடலுக்கு."

"போங்க. பேரைச் சொல்லிட்டுப் போங்க."

அங்கேயே திரும்பினாள். அதுதான் விஷயம் முழுவதும். காசு கேட்கவில்லை, கதவை அடைக்கவில்லை, யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பெயரைச் சொல்லி நீலப் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டால் போதும். அது அவளால் முடியாது. அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தும் ஒருவரும் அந்த மேசையை எடுக்கச் சொல்லவில்லை.

வேலி வருவதற்கு முன்பு, அடுப்பில் தேநீர்க் கெண்டியை வைத்துவிட்டுப் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தால் அப்போதுதான் தண்ணீர் கொதிக்கும். இப்போது வேலியைச் சுற்றிக்கொண்டு பெரிய சாலைக்கு ஏறி, பெட்ரோல் பங்கைத் தாண்டி, ஓடை கடலில் விழுகிற இடத்தில் நகராட்சிக் கரைக்குப் போக வேண்டும். வழியில் ஒரு மரம் கிடையாது. நகராட்சியில் எழுதிக் கொடுத்தாள். கடற்கரை எல்லோருக்கும் பொது என்று நாட்டின் சட்டமே சொல்கிறது. அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்களை யாரும் தடுக்கலையேம்மா. பேருதானே கேக்கிறாங்க" என்றார். தேநீர் வரவழைத்தாராம். குடிக்காமல் வந்தாளாம்.

எங்கள் ஊருக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள்: அமைதியான ஊர், அன்பான ஜனங்கள். பொய்யில்லை. அவள் சாலையில் நடக்கும்போது காரை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொல்லாதவர்கள் இல்லை. பெட்ரோல் பங்கில் தினமும் தண்ணீர் கொடுத்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் வாசலில் ஒரு முக்காலி போட்டு வைத்தார், அவள் மூச்சு வாங்கிக்கொள்ள. எல்லோரும் அவள் பாரத்தைக் குறைக்க ஆசைப்பட்டார்கள். வேலியைப் பற்றி ஒரு வார்த்தை பேச ஒருவருக்கும் ஆசையில்லை. பேசினால் எர்தின்ச்சின் மனம் நோகும். நல்ல பையன். காலையில் ரொட்டி கொண்டுவருகிறான்.

நகராட்சிக் கரைக்கு ஒருநாள் அவளோடு போனேன். பேருந்தில் வந்து மாலையே திரும்புகிற கும்பல், பிள்ளைகளின் கூச்சல். அவள் யாரோடும் பேசவில்லை. கழுத்தளவு தண்ணீரில் தொப்பியோடு தனியாக நின்றாள். பாறை முனைக்கு அந்தப் பக்கம், தூரத்தில், எங்கள் கரையின் தொப்பிகள் வட்டமாகத் தெரிந்தன. அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள். இவ்வளவு நேரம் அவள் வாய் மூடி நின்று நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது சாலையில் இரண்டு இடங்களில் உட்கார்ந்தாள். உட்காருவதற்குத்தான் நாற்காலி கொண்டுபோவதாகச் சொன்னாள்.

ஷுகூஃபே சித்தியோடு பேச்சு நின்றுபோனது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு செடி வேலிதான். ஒருத்தி துணி காயப்போட வந்தால் மற்றவள் உள்ளே போய்விடுவாள். அந்தக் கோடை முடிந்தது, அடுத்த கோடையும் வந்தது. கொசுவலை மாற்றிய அன்றுகூட, பக்கத்து வீட்டில் அலுமினிய ஏணி விழுகிற சத்தம் கேட்டு அம்மா பாதி எழுந்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள். "அவளுக்குத்தான் பையன் மாதிரி ஒருத்தன் இருக்கானே" என்றாள்.

புதன்கிழமை காலையில் விழுந்தாள். அன்று பிற்பகலே அடக்கம். நான் வந்து சேர்ந்தபோது வாசலில் நீலக் குடைகள் விரிந்திருந்தன. அந்தக் கரையிலிருந்து கொண்டுவந்த குடைகள். நாற்காலிகளும் அவர்களுடையவை. எர்தின்ச் கரையில் போடும் பாட்டை நிறுத்திவிட்டான். துக்கம் முடிகிறவரை போட மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். அடக்கம் முடிந்து திரும்பியபோது பெரிய கெண்டியில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் குடித்தார்கள். என் முன்னாலும் தட்டை நீட்டினான். கண்கள் சிவந்திருந்தன. நடிக்கவில்லை, உண்மையாகவே அழுதிருந்தான். அதுதான் எனக்கு ஆத்திரம்.

"ஃபெராய் அக்கா, ஒரு வாய் டீயாவது."

"வேண்டாம்."

"பெரியம்மா எனக்கு அம்மா மாதிரி."

"உங்க அம்மாகிட்டயும் பேரு கேட்டுத்தான் உள்ளே விடுவீங்களா?"

அவன் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். முஅம்மர் சார் தொண்டையைச் செருமினார்.

"துக்க வீட்டுல இப்படிப் பேசக் கூடாதும்மா. நெஸிஹே அருமையான பொம்பளை. கொஞ்சம் கோவக்காரி, அவ்வளவுதான். நாங்க எல்லாரும் அவளை அனுசரிச்சுத்தான் போனோம்."

"நீங்க அனுசரிச்சீங்க சார். அவ நடந்தா."

"பிடிவாதம் பிடிக்காம இருந்திருந்தா இன்னிக்கு..."

"அந்த வாக்கியத்தை முடிக்காதீங்க சார்."

முடிக்கவில்லை. யாரோ என் தோளைத் தடவினார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அன்பான ஜனங்கள். நான் உள்ளே போனேன்.

சமையலறையில் ஷுகூஃபே சித்தி நின்றுகொண்டிருந்தாள். எங்களில் இறந்தவர் வீட்டில் நெருங்கிய பெண்கள் வெண்ணெயில் மாவை வறுத்து அல்வா கிளறுவார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசிக்கொண்டே ஆளுக்குக் கொஞ்ச நேரம் கிளறுவது வழக்கம். அவள் யாரிடமும் கரண்டியைக் கொடுக்கவில்லை. பேசவும் இல்லை. இடுப்பைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் அந்த நீலப் பட்டை. ஒருமுறை கட்டினால் கோடை முடிகிறவரை கழற்ற முடியாத வகை. நான் பார்ப்பதைப் பார்த்துச் சட்டைக் கையை இழுத்து மூடினாள். கிளறும்போது அது மறுபடி மேலே ஏறிக்கொண்டது.

"இடுப்பு வலிக்கலையா சித்தி?" என்றேன். கனிவாகக் கேட்கவில்லை.

"வலிக்கட்டும்."

மாவு சிவந்து மணம் வந்தது. அவள் அடுப்பைத் தணித்தாள்.

"திங்கட்கிழமை திராட்சை இலையில அரிசி வெச்சுச் சுருட்டினேன், கண்ணு. அவளுக்குப் பிடிக்கிற மாதிரி, எலுமிச்சை தூக்கலா. வாசப்படியில தட்டை வெச்சிட்டு மணி அடிச்சிட்டு ஓடி வந்துட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு."

"சாப்பிட்டாளா?"

"தெரியாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தேன். செடி வேலிக்கு அந்தப் பக்கம் அவ வந்து நின்னா. 'உன் தட்டை நாளைக்குக் கொண்டு வர்றேன்'ன்னா. அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள போயிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நாளைக்குத்தான் இன்னிக்கு." கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "தட்டு எங்கேயிருக்கு, ஃபெராய்? அதுல என்ன வெச்சிருந்தா?"

எனக்கு அவள் கேட்பது புரிந்தது. பக்கத்து வீட்டுத் தட்டை எங்களில் யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. நாலு பழமாவது, ஒரு கைப்பிடி கொட்டையாவது இருக்கும். வெறும் தட்டு திரும்பி வந்தால் இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று பொருள்.

தட்டு பாத்திரம் வடிகிற கம்பித் தட்டில் நின்றது. கழுவியிருந்தது, காய்ந்திருந்தது. வெள்ளைப் பீங்கான், விளிம்பில் ஒரு சிறு உடைவு. அடியில் நகப்பூச்சால் ஷுகூஃபே என்று எழுதியிருந்தது. குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான் எழுதி வைப்பார்கள், தட்டுகள் ஊர் சுற்றுவதால். அதில் ஒன்றும் இல்லை.

குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பார்ப்பது என் தொழில். திராட்சை இலைச் சுருள் ஒன்றும் மீதி இல்லை. சாப்பிட்டிருக்கிறாள், அல்லது கொட்டியிருக்கிறாள். குப்பைத் தொட்டியை முந்தைய நாள் இரவே வண்டி காலி செய்துவிட்டது. தயிர், தக்காளி, பாதி தர்பூசணி. ஒரு பை நிறையச் செர்ரி, கழுவாதது. பக்கத்து வீட்டுக்கு வாங்கியதாக இருக்கலாம். அவளுக்கே வாங்கியதாகவும் இருக்கலாம். செர்ரி என்றால் அவளுக்கு உயிர். மேடைமேல் ரவை டப்பா, மூடி சரியாக மூடாமல். ரவைக் கேக் செய்ய எடுத்தாளா, எறும்பு வந்ததா என்று பார்க்கத் திறந்தாளா, தெரியாது. எதிலிருந்தும் எதையும் முடிவுகட்ட முடியவில்லை.

"எனக்குத் தெரியாது சித்தி. தட்டு காலியாத்தான் இருக்கு."

"வெக்கிறதுக்கு ஏதாவது எடுத்து வெச்சிருந்தாளா?"

"தெரியலை."

"வெச்சிருந்தான்னு சொல்லேன்."

"சொல்ல மாட்டேன்."

"ஒரு வார்த்தைதானே கண்ணு. உனக்கு என்ன குறையப் போகுது?"

இதையேதான் அம்மாவிடமும் எல்லோரும் கேட்டார்கள். சித்தி அல்வாவைத் தட்டுகளில் வைத்தாள். அவள் கையால் வைத்த முதல் தட்டை என்னிடம் நீட்டினாள். சாப்பிட்டேன். அம்மாவின் பெயரால் கிளறியது, அதை மறுக்க முடியாது.

துக்க நாட்கள் முடிந்ததும் குடைகள் கரைக்குத் திரும்பிப் போயின. பாட்டு மறுபடி ஆரம்பித்தது. செயலாளர் அறிவிப்புப் பலகையில் அம்மாவின் படத்தை ஒட்டி, கீழே இரண்டு வரி எழுதியிருந்தார். எங்கள் குடியிருப்பின் தைரியமான குரல் என்று. படத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாவம், அம்மா போன துக்கம் என்று சொல்லியிருப்பார்கள்.

வீட்டை மூடுகிற வேலைகளைச் செய்தேன். தண்ணீர் வால்வை அடைத்தேன். குழாய்களில் மிச்சத்தை வடித்தேன். குளிர்பெட்டியைக் காலி செய்து கதவு மூடாதபடி துணி செருகினேன். செர்ரி அழுகியிருந்தது, கொட்டினேன். தட்டைக் கையில் எடுத்தேன்.

பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஷுகூஃபே சித்தி உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. காலையிலிருந்தே அங்கேதான் இருந்தாள், எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு. கடலுக்குப் போகவில்லை.

நிரப்பிக் கொடுத்தால் அம்மா மன்னித்துவிட்டாள் என்று நானே சொன்னதாகும். வெறுமையாகக் கொடுத்தால் மன்னிக்கவில்லை என்று நானே சொன்னதாகும். அவள் கொண்டுபோவதாகச் சொன்ன தட்டு அது. என்ன வைத்துக் கொண்டுபோவாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒருவேளை அவளுக்கே காலையில் தண்ணீரில் நின்று யோசித்த பிறகுதான் தெரிந்திருக்கும். அந்தத் தண்ணீருக்கு அவள் போய்ச் சேரவில்லை.

தட்டைக் கம்பித் தட்டிலேயே திரும்ப வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன். ஷுகூஃபே சித்தி எழுந்து நின்று என் கைகளைப் பார்த்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் சாவி.